ஜெனோவாவின் இடப்பக்கம்

டிசம்பர் 27, புதன்

வீட்டிலிருந்து வெள்ளம் வடிந்துவிட்டதாமே என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். எங்கே வடிந்தது? நானும் என் வீட்டுக்காரி மெட்டில்டாவும் வாளியால் அள்ளி வெளியே ஊற்றினோம். மோட்டார் கொண்டுவருவதாகச் சொல்லிப் போன வார்டு ஆள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் கப்பலின் எஞ்சின் அறையில் நின்று, கடல் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டவன் நான். ஓய்வு பெற்று, கரையில், என் சொந்த வீட்டில், உடைந்த குளத்தின் தண்ணீரில் இடுப்பளவு நின்றேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

ஸ்டீல் பீரோவின் அடித்தட்டு முழுவதும் நாசம். பீரோவுக்குள் தண்ணீர் போகாது, ஆல்பத்தை மேலே எடுத்து வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேனாம். மெட்டில்டா சொல்கிறாள். அப்படிச் சொன்ன நினைவு எனக்கு இல்லை.

ஆல்பம் இரண்டையும் பிரித்தால் தாளோடு தாள் ஒட்டி, நிறம் கரைந்து, கூழாக வந்தது. மகள் ஜெனோவாவின் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. கோயிலில் முதன்முதலாக நற்கருணை, அதுதான் புது நன்மை, வாங்கிய அன்று ஸ்டுடியோவில் எடுத்த பெரிய படம் மட்டும் தனி பிளாஸ்டிக் உறையில் இருந்ததால் பாதி தப்பியது. வெள்ளை கவுன், முக்காடு, கையில் மெழுகுதிரி எல்லாம் இருக்கின்றன. நெற்றி இருக்கிறது, வலது கண் இருக்கிறது. இடது புருவம், இடது கண், மூக்கு, வாய், கன்னம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை.

அந்தப் படம் எடுத்த வருடமே, இருபத்தைந்து வருடத்துக்கு முன், மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். அப்போது என் கப்பல் பிரேசில் பக்கம் நின்றது. நான் வந்து சேர்ந்தபோது கல்லறையில் போட்ட பூ காய்ந்து கிடந்தது. என்னை இறக்கி அனுப்பக் கம்பெனி எப்படி இழுத்தடித்தது என்பதை அப்போதைய டைரியிலேயே வேண்டிய மட்டும் எழுதிவிட்டேன்.

டிசம்பர் 30

மெட்டில்டா படத்தைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறாள். ஃபேன் போடாதே, தாள் சுருண்டுவிடும் என்றேன். போட்டிருக்கிறாள்.

ஜனவரி 3, புதன்

திருச்செந்தூர் ரோட்டில் ஒரு டிஜிட்டல் ஸ்டுடியோ. வெள்ளத்தில் நனைந்த படங்களோடு பாதி ஊரே அங்கே நின்றது. கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணின் பெயர் இசக்கிதேவி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சரி பண்ணிரலாம் சார்" என்றாள். டாக்டர்கூட இவ்வளவு வேகமாகச் சொல்லமாட்டார்.

"எப்படி?" என்றேன்.

"ஸ்கேன் பண்ணி, அழிஞ்ச எடத்த மட்டும் வளைச்சு விட்டா கம்ப்யூட்டரே நெரப்பிக்கிடும்."

"எத வச்சு நெரப்பும்?"

"சுத்தி இருக்கத வச்சு, மிச்ச மொகத்த வச்சு. அது லட்சக்கணக்குல மொகம் பாத்துப் பழகியிருக்கு சார்."

"லட்சம் மொகம் பாத்திருக்கும். எம் மக மொகத்தப் பாத்திருக்கா?"

அவள் மெட்டில்டாவைப் பார்த்தாள். "வேற படம் ஒண்ணாவது இருக்காம்மா? சின்னதா இருந்தாக்கூடப் போதும்." இல்லை என்றாள் மெட்டில்டா. என் தங்கை ரோஸ்லின் வீட்டில் இருந்தவையும் வெள்ளத்தோடு போய்விட்டன.

கவுனில் ஒரு மடிப்பு போயிருந்தால் இட்டு நிரப்பட்டும். பின்னால் தொங்கும் திரையை நிரப்பட்டும். திரையின் இல்லாத பகுதி இருக்கிற பகுதியைப் போலத்தான் இருக்கும். முகம் அப்படியா? எஞ்சினில் ஒரு பாகம் உடைந்தால் வரைபடத்தைப் பார்த்து லேத்தில் கடைவோம். வரைபடமே இல்லாமல், இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒருவன் கடைந்து மாட்டினால் அந்தக் கப்பலில் நான் கால் வைக்கமாட்டேன். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். மெட்டில்டா படத்தைக் கொடுத்து, சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 5, வெள்ளி

மூன்று. மூன்று முகங்கள் போட்டு வைத்திருந்தாள் அந்தப் பெண்.

"எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க சார்."

இது என்ன ஜவுளிக்கடையா? ஒன்றில் மூக்கு கூராக, சினிமாக் குழந்தை போல. அடுத்ததில் உதட்டை இறுக்கி மூடி, கொஞ்சம் உம்மென்று. மூன்றாவதில் பல் தெரிய ஒரு சிரிப்பு. மூன்று பேருக்கும் அதே நெற்றி, அதே முக்காடு. மூன்று பேரும் ஒரே வலது கண்ணால் என்னைப் பார்த்தார்கள்.

மெட்டில்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். அவள் அப்படி ஒன்றை உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு நடுவில் இருந்ததைத் தொட்டு, "இது" என்றாள்.

"இது எப்படி அவ ஆவும்? ஜெனோவாவுக்குச் சிரிச்சா கன்னத்துல குழி விழுமே" என்றேன்.

மெட்டில்டா கண்ணாடியைக் கழற்றினாள்.

"எந்தக் கன்னம் சார்?" என்று கேட்டாள் இசக்கிதேவி.

எந்தக் கன்னமாம். குழி விழும் என்றால் விழும். ஒரு தகப்பன் சொல்கிறான், குறுக்கு விசாரணை வேறு. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். மெட்டில்டா வர நேரமாயிற்று.

ஜனவரி 6

பீரோவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். பேசினால்தானே சண்டை.

ஜனவரி 9, செவ்வாய்

எனக்குத் தெரியாமல் போய் வாங்கி வந்திருக்கிறாள். நான் பேங்கிலிருந்து திரும்பும்போது ஹாலில் புதுச் சட்டத்துக்குள் அந்த நடு ஆள் மாட்டியிருக்கிறது. மல்லிகைச் சரம், கீழே மெழுகுதிரி. அடுத்த வீட்டு அமலோற்பவம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அப்படியே நம்ம ஜெனிதான் மைனி. உயிரோட நிக்க மாதிரில்லா இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

அமலோற்பவம் இந்தத் தெருவுக்குக் குடிவந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. ஜெனோவாவை அவள் கண்டதே கிடையாது. இதைச் சொன்னேன். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். போகட்டும். காணாத பிள்ளைக்கு அப்படியே என்று சாட்சி சொல்கிறவளுக்குக் காப்பி எதற்கு?

படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

"எடுத்த எடத்துல மாட்டுங்க" என்றாள் மெட்டில்டா. சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசினால்தான் எனக்குக் கோபம் கூடுகிறது.

"எவளோ பெத்த பிள்ளைக்கு என் வீட்டுல பூப் போடணுமா?"

"எவளும் பெக்கல. அழிஞ்ச எடத்த நெரப்பியிருக்கு, அவ்வளவுதான்."

"பொய்ய வச்சு நெரப்பியிருக்கு."

"அப்ப நீங்க சொல்லுங்க. அவ எப்படி இருந்தா?"

சொன்னேன். ஏன் சொல்லமாட்டேன்? என் நிறம். என் அம்மாவின் மூக்கு. மெல்லிய உதடு. கன்னத்தில் குழி. நான் லீவில் வந்து வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கினால் அப்பா என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். நான் சொல்லச் சொல்ல மெட்டில்டா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "மழை வரும் போல இருக்கு, துணிய எடுத்துட்டு வாரேன்" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

மழை வரவில்லை.

ஜனவரி 10

காலையில் கஞ்சி. மத்தியானமும் கஞ்சி. கேட்கவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

நானே ஸ்டுடியோவுக்குப் போனேன். தப்பாகச் செய்ததைச் சரியாகச் செய்ய வைப்பது ஒன்றும் எனக்குப் புதிதில்லை. இசக்கிதேவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூக்கை நீளமாக்கு. உதட்டை மெலிசாக்கு. தாடையைக் கொஞ்சம் அகலமாக்கு. குழி போடு.

"ரெண்டு பக்கமுமா சார்?"

"வலப்பக்கம்."

போட்டாள். என்னமோ போல் இருந்தது. இடப்பக்கம் மாற்றச் சொன்னேன். அவள் முகத்தைச் சுளிக்காமல் மாற்றினாள், அதைச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நகர்ந்து, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீய. இது ஒங்க மொகம் மாதிரியே வந்திருக்கு."

மகள் அப்பாவைப் போல இருப்பதில் என்ன அதிசயம்? பிரின்ட் போடச் சொல்லி வாங்கி வந்தேன். மெட்டில்டா முன்னால் மேசையில் வைத்தேன். அவள் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "ஒங்க தங்கச்சி படத்த எதுக்கு மாட்டப் போறீய?" என்றாள்.

ரோஸ்லினைப் போலவாம். ரோஸ்லினுக்குக் குழி விழும். சின்ன வயதில் விழுந்தது. அதனால் என்ன? ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கு விழக்கூடாதா?

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் ஜெனோவா படித்த கான்வென்ட்டில் போனை எடுத்தார்கள். வகுப்பு வகுப்பாக எடுத்த குரூப் போட்டோக்கள் மாடி வராந்தாவில் இன்னும் தொங்குகின்றனவாம். தண்ணீர் மாடிக்கு ஏறவில்லை. இவ்வளவு நாளும் இது யாருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் ஊகம், மெட்டில்டாவின் பிடிவாதம், எல்லாவற்றையும் ஒரே ஒரு உண்மையான படம் முடித்து வைத்துவிடும். நாளைக்கு வரச் சொன்னார்கள். வரும்போது ஆதார் அட்டை கொண்டுவர வேண்டுமாம். செத்துப்போன பிள்ளையின் படத்தைப் பார்க்க ஆதார் அட்டை.

மெட்டில்டா தானும் வருவதாகச் சொன்னாள். "நீங்க மட்டும் போவாண்டாம்" என்றாள். ஏன் என்று புரியவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

முதலில் வெளிச்சத்தைப் பற்றி எழுத வேண்டும். அந்த வராந்தாவில் வெளிச்சம் என்பதே இல்லை. ஒரு பக்கம் முழுக்கத் தகரம் அடித்திருக்கிறார்கள். டியூப்லைட் ஒன்று இருக்கிறது, எரியவில்லை. படங்கள் ஆள் உயரத்துக்கு மேலே தொங்குகின்றன, கண்ணாடியில் தூசி. படம் எடுத்தவனும் லட்சணமாக எடுக்கவில்லை. நாலாம் வகுப்பு முழுவதையும் படிக்கட்டில் நிறுத்தி, வாசல் கேட் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறான். ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே இரட்டைச் சடை, ஒரே ரிப்பன், ஒரே சட்டை. இதில் யார் யாரென்று தெரியும்? என் கண்ணாடியும் மாற்ற வேண்டியது. மாற்ற வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

சிஸ்டர் லூர்து என்று ஒரு வயதான கன்னியாஸ்திரி கூட வந்தார். முக்காட்டு நுனியாலேயே கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "ஒங்க பிள்ள எது?" என்று என்னைக் கேட்டார். மெட்டில்டாவைக் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டார்.

காட்டினேன். மேல் வரிசையில், ஓரத்தில், சிரித்துக்கொண்டு நின்ற பிள்ளை. கன்னத்தில் குழி நன்றாகத் தெரிந்தது.

மெட்டில்டா என் விரலைப் பிடித்தாள். பிடித்தபடியே கண்ணாடியின் மேல் கீழே இறக்கி, இடப்பக்கமாக நகர்த்தி, முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் மேல் வைத்தாள். வைத்த பிறகும் விடவில்லை.

"கீழ பெல் அடிச்ச மாதிரி இருந்துச்சு, பாத்துட்டு வாரேன்" என்று சிஸ்டர் படியிறங்கிப் போனார். பெல் எதுவும் அடிக்கவில்லை.

எஞ்சின் அறையில் இந்த மூலையில் நின்று அந்த மூலையில் இருக்கும் அழுத்தமானியின் முள்ளைப் படித்தவன் நான். வெளிச்சம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடும் இடத்தில் ஒரு டியூப்லைட் மாற்ற வக்கில்லை. அதைப் பற்றித் தலைமைச் சிஸ்டரிடம் புகார் சொல்லிவிட்டு வரலாம் என்றேன். மெட்டில்டா போனில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, "ஆட்டோ நிக்கு, வாங்க" என்றாள்.

ஆட்டோவில் அவள் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 20

மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்தது.

ஜனவரி 22, திங்கள்

மெட்டில்டா அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்று கேட்டேன். அவ்வளவு பேருக்கு முன்னால் என் விரலைப் பிடித்து நகர்த்தியிருக்க வேண்டுமா? மெல்ல என் காதில் சொல்லியிருக்கக் கூடாதா?

"அங்க சிஸ்டர் ஒருத்திதான இருந்தாவ" என்றாள்.

"ஒருத்தியா இருந்தா மட்டும்?"

அவள் மீனைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. "லீவுல நீங்க வாரப்பல்லாம் மொத ரெண்டு நாளு ஒங்க பக்கத்துலயே வரமாட்டா. பீரோவுக்குப் பொறத்தால போயி நின்னுக்கிடுவா. நீங்க சாக்லேட்ட மேசையில வச்சுட்டுப் போனப்பொறவு வந்து எடுப்பா. கொஞ்சம் பழகி மடியில ஏறுத நேரத்துல ஒங்களுக்குக் கப்பல் வந்துரும்."

ஓடி வருவாள் என்று எழுதியிருக்கிறேன். ஓடி வந்த நாளும் இருந்திருக்கும். எல்லா நாளையும் இவள் பார்த்துக்கொண்டா இருந்தாள்?

"அதுக்காக, ஏதோ ஒரு கம்ப்யூட்டர் போட்ட மொகத்த ஹால்ல மாட்டுவியா? ஒனக்கே தெரியும்லா அது அவ இல்லன்னு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் கையைக் கழுவினாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"எனக்கு எதுக்குங்க படம்? கண்ண மூடுனா முன்னால வந்து நிக்கா. ஒங்களுக்குத்தான் பண்ணச் சொன்னேன். ஆல்பம் போன அன்னைக்கு நீங்க அந்தக் கூழக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தத நான் பாத்தேன். அந்த மூணுல, நடுவுல இருந்தது கொஞ்சம் கிட்ட வந்துச்சு. ஒண்ணுமே இல்லாததுக்கு அதாவது இருக்கட்டும்னு மாட்டுனேன்."

எனக்காகவாம். நான் கேட்டேனா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இவளாகவே முடிவு செய்துகொண்டு, கால் நூற்றாண்டாக ஒரே கூரையின் கீழ் இதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். மிகுந்த கோபம் வந்தது. கொல்லைக்குப் போய் முருங்கைக் கிளை ஒன்றை வெட்டினேன். வெட்ட வேண்டிய கிளை இல்லை.

நெத்திலி பொரித்து வைத்திருந்தாள். சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

சாயங்காலம் நானே கேட்டேன், "இசக்கிதேவி கடை என்னைக்கு லீவு?"

"ஞாயித்துக்கெழம" என்றாள்.

ஜனவரி 24, புதன்

இன்று மெட்டில்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். உட்கார எனக்கு வேறு ஸ்டூல் தரவில்லை.

குரூப் போட்டோவிலிருந்த முகத்தை இசக்கிதேவி பெரிதாக்கினாள். வெறும் கட்டம் கட்டமாக வந்தது. தாடையின் வளைவுக்கு மட்டும் அது போதும் என்றாள். மற்றதையெல்லாம் மெட்டில்டா சொன்னாள். என்னைப் போல அதிகாரம் செய்யவில்லை. அடுப்பில் உப்புப் பார்த்துப் போடுகிற மாதிரி, கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னாள்.

"மூக்கு இவ்வளவு எடுப்பு இல்ல. எம் மூக்குதான். அமுக்கி விடு."

"இப்ப சரியாம்மா?"

"எடது கண்ணு வலத விடச் சின்னதும்மா. தூங்கி எந்திரிச்ச மாதிரியே இருக்கும்."

இடது கண் சிறியதாயிற்று.

"மேலுதடு ஒரு பக்கம் தூக்கியிருக்கணும். உள்ள ஒரு தெத்துப்பல்லு. அது தெரியக்கூடாதுன்னுதான் படம் எடுக்கயில வாய மூடிக்கிடுவா."

தெத்துப்பல். எந்த இடத்திலும் நான் அதை எழுதவில்லை. குழியைப் பற்றி மெட்டில்டா எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

திரையில் இருந்த பிள்ளை மெல்ல மெல்ல எனக்கு முன்பின் தெரியாத ஒருத்தியாக ஆகிக்கொண்டிருந்தாள். அழகு என்று சொல்ல முடியாது. பிடிவாதக்காரி போல இருந்தாள். அவள் அம்மாவைப் போல.

"எடது புருவத்துல நடுவுல முடி இருக்காது" என்றாள் மெட்டில்டா. "தழும்பு. சின்னதா ஒரு கோடு போடு. ஆங், அவ்வளவுதான். போதும்."

"இன்னும் ஏதாவது மாத்தணுமாம்மா?"

"போதும்மா. இவ்வளவுதான் வரும்."

இவள்தானா என்று கேட்டேன்.

"இவதான்" என்றாள் மெட்டில்டா, திரும்பாமல். "முழுசா இவ இல்ல. ஆனா நீங்க ரோட்டுல பாத்தா, கூப்புடலாம். திரும்பிப் பாப்பா."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், நேரமாகிறது, எங்கள் படத்தையும் பாருங்கள் என்றார். மனிதருக்கு ஒரு இங்கிதம் வேண்டாமா? திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிரின்ட் வரும் வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

"அந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?" என்றேன். "எங்கிட்ட யாரும் சொல்லலயே. இதெல்லாம் சொல்லியிருக்கணும்லா."

மெட்டில்டா என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்ககிட்ட யாரு சொல்லணும்? அப்ப நீங்க லீவுல இருந்தீய. அஞ்சு வயசு அவளுக்கு. அலைவாய்க்கரையில கல்லுல வழுக்கி விழுந்துட்டா. நீங்கதான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனீய. ஆட்டோ வார வரைக்கும் ஒங்களுக்கு நிக்கப் பொறுக்கல. சட்டையெல்லாம் ரத்தம். தையல் போடுகப்ப அவ அழவே இல்ல, நீங்கதான் அழுதீய. டாக்டரு ஒங்கள வெளிய போவச் சொல்லிட்டாரு."

ஒன்றும் இல்லை. எவ்வளவு நினைத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரன் இழுத்தடித்தது, எந்தத் துறைமுகத்தில் எந்த வால்வு ஒழுகியது, யார் என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசினார்கள், எல்லாம் இருக்கிறது. என் கையில் ரத்தத்தோடு கிடந்த பிள்ளை இல்லை. இது என்ன நியாயம்? அது என்னுடையதல்லவா? எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அதையா?

திரும்பி வரும்போது ஆட்டோவில் படம் என் மடியில் இருந்தது. மறுபடி சொல் என்றேன். மெட்டில்டா மறுபடி சொன்னாள். கல்லில் விழுந்தது, நான் தூக்கியது, ஓடியது. அவள் எதையும் சுருக்கித்தான் சொல்வாள். இடையில் நிறுத்தி, என்ன கலர் சட்டை போட்டிருந்தேன் என்று கேட்டேன்.

"நீலம்" என்றாள். "அரைக்கை."

"அவ?"

"வெறும் ஜட்டி. கடல்ல குளிக்கப் போனோம்லா."

"எந்தத் தோள்ல போட்டிருந்தேன்?"

மெட்டில்டா யோசித்தாள். பிறகு கையை நீட்டி என் இடது தோளைத் தொட்டாள்.